பச்சை லேபிளுக்கு ஒரு மரியாதை

கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் தமிழர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த நம் வட்டத்துக்குப் பத்து வயது ஆகிறது. மலர் போடுவது என்று முடிவானதும், நமக்கு வழிகாட்டிய ஆலை ஒன்றின் வரலாறும் அதில் இடம்பெற வேண்டும் என்றார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த ஆலை என்பதில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவருக்கு வாரத்தில் இரண்டே நாள் கதவு திறக்கும் ஒரு ஷெட். இன்னொருவருக்கு, வரிசையில் நின்றால் தலைக்கு நாலு கேன் மட்டும் தரும் ஓரிடம். என் முறை வந்தபோது நான் சியரா நெவாடா என்றேன். ஸூம் திரையில் கொஞ்ச நேரம் ஒரு முகமும் அசையவில்லை. மலரைத் தொகுக்கும் தம்பிதான் கடைசியில் வாயைத் திறந்தார்: “அண்ணே, அது காஸ்ட்கோலயே கிடைக்குமே. அதைப் பத்தி எழுத என்ன இருக்கு?”

எங்கும் கிடைக்கிறது என்பதுதான் அதன் மேல் உள்ள புகார். வேறு குறை எதையும் அன்று யாரும் சொல்லவில்லை. தம்பிக்கு அப்போதே பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

மலர் ஊருக்கும் போகும் என்கிறார்கள். என் சித்தப்பா கையில் கிடைக்கலாம். அவரைப் பொறுத்தவரை பீர் என்பது “கூலிங் இருக்கா?” என்ற ஒரு கேள்வியோடு முடிந்துபோகும் சமாச்சாரம். அவருக்காக இரண்டு வரி: பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட்; அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான கஷாயம் இறங்கும். அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் விட்டுப் பொங்கவைத்தால் பீர். கசப்பும் மணமும் ஹாப்ஸ் தருவது. சாராயச் சத்து ஈஸ்ட் தருவது. மற்றதெல்லாம் கைப்பக்குவமும் பாத்திரம் கழுவும் பொறுமையும்தான்.

சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் கிராஸ்மன் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வளர்ந்தவர். நண்பனின் தந்தை வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பித்து இவருக்கும் தொற்றிக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் வட கலிஃபோர்னியாவில் உள்ள சிக்கோ என்ற கல்லூரி ஊருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் இயற்பியல் படித்தார். சைக்கிள் மெக்கானிக்காக வேலை பார்த்தார். 1976இல் வீட்டில் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் ஒயின் போட அன்றைக்கு அனுமதி இருந்தது; பீர் காய்ச்சுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம். கராஜில் பானையை அடுப்பேற்றும் நாம் எல்லோரும் அந்தக் கையெழுத்தின் கீழ்தான் இருக்கிறோம்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் எல்லா ஆலைகளையும் கூட்டினாலும் நூறு தேறாது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி வெளிறிய லாகரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தன. சான்பிரான்சிஸ்கோவில் ஃபிரிட்ஸ் மேடாக் 1965இல் வாங்கிக் காப்பாற்றிய ஆங்கர் ஆலை இருந்தது. சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் 1976இல் தொடங்கிய நியூ ஆல்பியன் இருந்தது. கிராஸ்மன் இரண்டையும் போய்ப் பார்த்தார். தன்னைப் போலவே வீட்டில் காய்ச்சிப் பழகிய பால் கமூசியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கினார். தான் ஏறித் திரிந்த மலைத்தொடரின் பெயரையே ஆலைக்கு வைத்தார்.

ஆலை என்று சொல்வதே அதிகம். அது வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கு. பால் பண்ணைகளில் கழித்துப்போட்ட தொட்டிகள், குளிர்பான ஆலை ஒன்றிலிருந்து வந்த பழைய பாட்டில் எந்திரம், மீதிக்குத் தானே கற்றுக்கொண்ட வெல்டிங். 1980 நவம்பர் 15 அன்று முதல் ஈடு இறங்கியது; அது ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர். அதன் பிறகு, ஆலையின் முகமாக ஆகப்போகிற பேல் ஏலைக் காய்ச்சத் தொடங்கினார்கள்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பேல் ஏல் முதல் ஈட்டில் சரியாக வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. வந்ததில் மோசமானது என்றும் எதுவும் இல்லை; கடைக்கு அனுப்பியிருந்தால் சிக்கோவில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் ருசி ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் சுமார் பத்து ஈடுகளைச் சாக்கடையில் கொட்டினார்கள். அடுத்தடுத்த இரண்டு ஈடுகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று தோன்றிய பிறகுதான் பச்சை லேபிள் ஒட்டினார்கள்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது, எல்லா நிறுவன வரலாற்றிலும் வரும் தியாகக் காட்சி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். என் கராஜில் அதே மாதிரி பேல் ஏலை மூன்று தடவை காய்ச்சிப் பார்த்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. மூன்று தடவையும் அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட். முதல் ஈடு நன்றாகவே வந்தது. மனைவிகூட ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினாள். இரண்டாவது ஈடு பொங்கிய வாரத்தில் வெயில் ஏறி கராஜ் தகித்தது. பீரில் நெயில் பாலிஷ் நெடி. மூன்றாவதில் பாட்டிலுக்கு மாற்றும்போது குழாயில் காற்றுக் குமிழி போவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். ஒரு மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. இட்லிக்கு அரைப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மார்கழியில் பொங்குவது வேறு, சித்திரையில் பொங்குவது வேறு. வீட்டில் என்றால் சொல்லிச் சிரித்துவிடலாம். ஆண்டுக்கு 10 லட்சம் பீப்பாய்க்கு அக்கம்பக்கமாக, அதாவது 11 கோடி லிட்டருக்கு மேல் காய்ச்சும் இடத்தில் அப்படிச் சிரிக்க முடியாது.

புதுமையாக ஒரு ஈடு போடுவது நமக்கே கைவரும். மாம்பழம், ஏலக்காய், ஃபில்டர் காபி என்று நாம் போடாதது இல்லை. அதே பீரை மறுபடி போடு என்று யாராவது சொன்னால்தான் நம் குட்டு வெளிப்படும். சின்ன ஆலைகளின் பலகையில் வாரத்துக்கு ஒரு புதுப் பெயர் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், அதில் எத்தனை பெயர் போன வாரத்துப் பீரைத் திரும்பக் கொண்டுவர முடியாததால் பிறந்தது என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இதைச் சொன்னதற்காக அடுத்த கூட்டத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அந்தப் பேல் ஏலின் மணத்துக்குக் காரணம் காஸ்கேட் என்னும் ஹாப்ஸ். ஓரிகன் மாநிலத்தில் அரசு ஆய்வாளர்கள் உருவாக்கி 1972இல் வெளியிட்ட ரகம். காய்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மஞ்சள் தூள் போல ஒரு பிசின் ஒட்டும். முகர்ந்தால் நார்த்தங்காய்த் தோலும் பைன் மரமும் சேர்ந்த வாசனை. ஐரோப்பிய ஹாப்ஸின் அடக்கமான மணத்துக்குப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றியது. ஆங்கர் ஆலை 1975இலேயே லிபர்டி ஏலில் காஸ்கேட்டைப் போட்டுவிட்டது; முதல் பெருமையை ஆங்கருக்குத்தான் தர வேண்டும். அந்த மணத்தைப் பெட்டிக் கணக்கில் நாடெங்கும் கொண்டுபோய், “அமெரிக்கன் பேல் ஏல் என்றால் இப்படித்தான்” என்று நாக்குக்குப் பழக்கியது சிக்கோ. 5.6 விழுக்காடு ஆல்கஹால், அளவான கசப்பு. இன்றைய கசப்புப் போட்டிகளில் வைத்துப் பார்த்தால் அது சாதுவான பீர். 1980களில் அதைக் குடித்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர்.

வேறு ஆலைகள் ஹாப்ஸை அரைத்து அழுத்திய குளிகைகளுக்கு மாறிய பிறகும் இவர்கள் நெடுங்காலம் முழுப் பூவையே விடாமல் பயன்படுத்தினார்கள். அது செலவு, இடம், சக்கை அள்ளும் தொல்லை. 1981 முதல் ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலிப்ரேஷன் ஏலுக்கு அந்தப் பருவத்தில் காய்ந்து வந்த முதல் ஹாப்ஸைத்தான் போடுவார்கள். நம் ஊர்ப் புத்தரிசிப் பொங்கல் மாதிரி. 1996இல் அதையும் தாண்டி, வாஷிங்டன் மாநிலத்தில் பறித்த பூவைக் காயவைக்காமல் லாரியில் ஏற்றி, வாடுவதற்குள் சிக்கோவுக்குக் கொண்டுவந்து கொப்பரையில் போட்டார்கள். பச்சை ஹாப்ஸ் பீர் என்று இன்று சின்ன ஆலைகள் பெருமையாகப் போடும் சமாச்சாரத்துக்கு அமெரிக்காவில் வழி போட்டவர்கள் இவர்கள். 2009இல் வந்த டார்பீடோ என்னும் ஐபிஏவின் (ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல்) பெயர்கூட ஒரு பாத்திரத்தின் பெயர்தான்: முழு ஹாப்ஸை அடைத்து, அதன் வழியே பீரைச் சுற்றி ஓடவிட அவர்களே செய்துகொண்ட எஃகு உருளை.

கிடங்கு போதாமல் ஆனபோது ஜெர்மனியில் மூடப்பட்ட ஒரு ஆலையின் 100 பீப்பாய்ச் செம்புக் கொப்பரைகளை வாங்கினார் கிராஸ்மன். வைக்க இடம் இல்லாமல் அவை சில ஆண்டுகள் சும்மா கிடந்தன. 1980களின் கடைசியில் இன்றைய ஆலை எழுந்தபோதுதான் அடுப்பேறின. 1990களின் கடைசியில் கமூசி விலகிக்கொண்டார். அவர் பங்கைக் கிராஸ்மன் வாங்கிக்கொண்டார். ஆலையின் கதையைச் சொல்பவர்கள் கமூசியை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன். ஆனால் கொட்டப்பட்ட அந்தப் பத்து ஈடுகளில் அவர் கையும் இருந்தது.

கூரை நிறைய சூரியத் தகடுகள், சக்கையை உரமாக்கும் எந்திரம், விருதுகள் எல்லாம் உண்டு. விரும்புவோர் ஆலையின் சுற்றுலாவில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது ஒரு மூடிக் கதை. பல ஆண்டுகள் அவர்கள் பாட்டிலுக்குக் கையால் திருகித் திறக்கும் மூடி இருந்தது. குடிப்பவர்களுக்கு அது வசதி. ஓப்பனர் தேட வேண்டாம். ஆனால் அந்த மூடியின் உள்பூச்சு வழியாக ஆக்சிஜன் துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் மூன்றாவது ஈட்டில் வந்த அதே அட்டைப்பெட்டி வாசனை, அங்கே மாதக்கணக்கில் மெதுவாக. அளந்து பார்த்தார்கள், 2000களின் பிற்பகுதியில் திருகு மூடியை விட்டுவிட்டு, ஓப்பனர் வைத்து நெம்பும் மூடிக்கு மாறினார்கள். வாங்குபவர் முணுமுணுப்பார் என்று தெரிந்தே செய்த மாற்றம் அது. பாராட்டு கிடைக்காத வேலை என்றால் இதுதான்.

2010களின் நடுவில் நாட்டின் கிழக்குக் கோடியில், வட கரோலினாவில் மில்ஸ் ரிவர் என்ற இடத்தில் இரண்டாவது ஆலை வந்தது. பீரை லாரியில் கண்டம் கடத்தும் செலவும் புகையும் குறையட்டும் என்பது நோக்கம். வேறு ஊர், வேறு தண்ணீர், வேறு ஆட்கள். பாட்டிலில் மட்டும் அதே பேல் ஏல் இருக்க வேண்டும். கிராஸ்மனின் மகன் பிரையன் அதை முன்னின்று நடத்தினார். அங்கே நிரப்பிய சில பாட்டில்களில் கண்ணாடிச் சில்லு உடைந்து விழக்கூடும் என்று தெரிந்தபோது, 2017 ஜனவரியில் 36 மாநிலங்களிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். பெரிய ஆலை தவறினால் தவறும் பெரிதாகத்தான் இருக்கும். அதை அவர்கள் மறைக்கவில்லை.

இத்தனை பெரிய ஆலையை இன்னும் கிராஃப்ட் என்று சொல்லலாமா? ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்குள் காய்ச்ச வேண்டும், வெளி மதுக் கம்பெனியின் பங்கு கால் பாகத்தை எட்டக் கூடாது என்பது அமெரிக்கச் சிற்றாலைகளின் சங்கம் வைத்திருக்கும் கோடு. அந்தக் கோட்டையே பெரியவர்களுக்காக நீட்டினார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு; அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் சியரா நெவாடா அதில் ஆறில் ஒரு பங்கைச் சுற்றியேதான் நிற்கிறது. பங்கு விஷயத்தில் கதை இன்னும் தெளிவு. கூஸ் ஐலண்ட் 2011இல் பட்வைசர் கம்பெனிக்குப் போனது. பாலஸ்ட் பாயின்ட் 2015இல் 100 கோடி டாலருக்கு விலைபோனது. லாகுனிடாஸ் ஹைனெகனுக்கு, நியூ பெல்ஜியம் ஜப்பானின் கிரினுக்கு, ஸ்டோன் சப்போரோவுக்கு. வழி காட்டிய ஆங்கரையும் 2017இல் சப்போரோ வாங்கியது; 2023இல் மூடிவிட்டது. நியூ ஆல்பியன் 1982இலேயே போய்விட்டது. சிக்கோ இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. மூடிய ஆலைகளுக்கு நாம் கண்ணீரோடு கண்ணாடிக் கோப்பை தூக்குகிறோம். மூடாமல் இருந்ததற்காக ஒருவருக்கும் இதுவரை தூக்கியதில்லை.

2018 நவம்பர் 8 அன்று சிக்கோவுக்குப் பக்கத்து மலையில் இருந்த பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. 85 பேர் இறந்தார்கள். அந்தப் புகை பல நாள் நம் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி வரை வந்து நின்றதையும், முகமூடி போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆலை ஊழியர்கள் பலருக்கே வீடு போய்விட்டது. கிராஸ்மன் ரெசிலியன்ஸ் என்று ஓர் ஐபிஏவுக்குச் செய்முறை எழுதி, நாட்டில் உள்ள எல்லா ஆலைகளுக்கும் கொடுத்தார். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் விற்பவர்கள் பொருளை இலவசமாகத் தந்தார்கள். 1,400க்கும் மேற்பட்ட ஆலைகள் அதே பீரைக் காய்ச்சி, விற்ற பணம் முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுத்தன. கைக்குள் வைத்துக் காக்க வேண்டிய செய்முறையைப் போட்டியாளர்களுக்கே எழுதிக் கொடுப்பது ஒரு பக்கம். கேட்டவுடன் 1,400 பேர் அடுப்பைப் பற்றவைத்தார்களே, அது ஒரே நாளில் சம்பாதித்த மரியாதை அல்ல.

குறை இல்லையா? இருக்கிறது. கலங்கல் ஐபிஏ அலை அடித்தபோது இவர்களும் 2018இல் ஹேஸி லிட்டில் திங் என்று ஒன்றை இறக்கினார்கள். இன்று அதுதான் ஆலையைத் தாங்குகிறது என்றே சொல்லலாம். எனக்கு அது பீர் வேடம் போட்ட பழச்சாறு. எங்கும் கிடைப்பதற்கும் ஒரு விலை உண்டு. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் ஜன்னலோரம் வெயில் படும் அலமாரியில் வைத்திருந்த ஆறு பாட்டிலை ஒரு தடவை வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து தேதியைப் பார்த்தால் எட்டு மாதப் பழசு. நார்த்தங்காய் வாசனையைக் காணோம். வெறும் கசப்புத் தண்ணீர். ஆலையில் எத்தனை பேர் முகர்ந்து பார்த்து அனுப்பினாலும், கடைசி நூறு அடி கடைக்காரர் கையில்தான். முதல் முறையாக அந்தப் பாட்டிலைக் குடிப்பவர், இதைப் போயா இத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. தேதி பார்த்து வாங்குங்கள். குளிர்பெட்டிக்குள் இருப்பதை எடுங்கள்.

கடைசியாக ஈஸ்ட். பேல் ஏல் பாட்டிலில் வாயு ஏறுவது பாட்டிலுக்குள்ளேயே; மூடும் முன் கொஞ்சம் ஈஸ்டும் கொஞ்சம் சர்க்கரையும் விடுவார்கள். அதனால் அடியில் மெல்லிய வண்டல் படியும். அது உயிருள்ள ஈஸ்ட். சிகாகோவின் சீபல் நிறுவனத்துச் சேகரிப்பிலிருந்து சிக்கோவுக்கு வந்த வகை அது. வீட்டில் காய்ச்சுபவர்கள் அந்த வண்டலை எடுத்து இனிப்புக் கஷாயத்தில் விட்டு வளர்த்து, தங்கள் ஈட்டுக்கு உறை ஊற்றினார்கள். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குவது போலத்தான். பாட்டிலை வடிகட்டி அனுப்பியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். பிறகு ஈஸ்ட் கம்பெனிகள் அதே குலத்தைப் பாக்கெட்டிலும் குப்பியிலும் போட்டு விற்கத் தொடங்கின. அமெரிக்கச் சிற்றாலைகளில் பாதிக்கு மேல் அந்த உறைமோரில் வளர்ந்தவைதான் என்று அடித்துச் சொல்வேன். எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மலர் வேலையாகத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். போட்டியில் பரிசு வாங்கிய தன் பேல் ஏலை ஊற்றிக் கொடுத்தார். உண்மையிலேயே அருமை. எந்த ஈஸ்ட் என்று கேட்டேன். “சாதாரணமா எல்லாரும் போடறதுதான் அண்ணே” என்றபடி ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிர் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினார். யூஎஸ்-05. சிக்கோ ஈஸ்ட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான் என்றேன். பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கட்டுரை எத்தனை பக்கம் வரும்ணே?” என்று கேட்டார்.